கட்டைவிரல் சொல்லாத கணக்கு

வீட்டுக்கு வந்த கருவிகள் – 9

டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கத் தஞ்சாவூர்ப் பக்கத்தில் காலங்காலமாக ஒரே வழிதான்: கட்டைவிரலால் ஓர் அமுக்கு. சைக்கிளுக்கு அது போதும். மோட்டார் சைக்கிள் டயர் தடிமனானது. அதில் 20 பிஎஸ்ஐ இருந்தாலும் 30 இருந்தாலும் விரலுக்குக் கல்லு மாதிரிதான் இருக்கும்.

சுமை ஏறும்போதுதான் வித்தியாசம் தெரியும். டெல்டாவில் இரு சக்கர வண்டி ஆளை மட்டும் சுமப்பதில்லை. 1980-ல் டிவிஎஸ் 50 வந்ததிலிருந்து நாற்றுக்கட்டு, புல்லுக்கட்டு, மருந்தடிக்கும் ஸ்பிரேயர், யூரியா மூட்டை எல்லாம் அந்த வகை வண்டிகளின் தலையில்தான். சம்பா அறுவடை முடிந்தால் கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டையும் அதிலேயே போகும். வண்டி தாங்கிவிடும். காற்று குறைந்த டயர் தாங்காது. அதன் பக்கச்சுவர் மடிந்து மடிந்து நிமிர்ந்து சூடேறும். பிரேக் பிடிக்கையில் டயர் ரிம்மின் மேல் வழுக்கும், உள்ளிருக்கும் டியூபும் கூடவே நகரும். ரிம் ஓட்டையில் மாட்டிக்கொண்ட வால்வு மட்டும் நகர வழியில்லாமல் அடியோடு பிய்த்துக்கொள்ளும். அதற்குப் பஞ்சர் ஒட்ட முடியாது, புது டியூப்தான். வெண்ணாற்றங்கரையில் மூட்டையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு உதவுகிறது. பெரிய டார்ச் லைட் அளவுதான் இருக்கும். 2020-ல் ஷாவ்மி நிறுவனம் இந்தியாவில் இறக்கிய பம்பு 150 பிஎஸ்ஐ வரை அடிக்கும் என்று சொல்லி விற்கப்பட்டது. இன்று பல பெயர்களில் கிடைக்கிறது. உள்ளே ஒரு குட்டி மோட்டார், அது இழுத்துத் தள்ளும் ஒரு பிஸ்டன், செல்போனில் இருப்பதைப் போன்ற லித்தியம் அயனி பேட்டரி. 1991-ல் கடைக்கு வந்த அந்த பேட்டரிக்கு வழி வகுத்த மூவருக்கு 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

வேலை நடப்பதைக் கிட்டத்தில் இருந்து பார்க்கலாம். விடியற்காலை, வண்டி இன்னும் வாசலை விட்டு நகரவில்லை. வால்வு மூடியைக் கழற்றி, ஹோஸின் பித்தளை முனையை மரை பிடித்துத் திருகினால் ‘புஸ்’ என்று கொஞ்சம் காற்று போகும். பயப்பட வேண்டாம். திரையில் எண் வரும்: 17. நேற்று இரவு வரை “காத்து நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவந்த வீட்டுக்காரர் அந்த 17-ஐப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். இந்தக் கருவிக்குக் கொடுத்த காசு அப்போதே வசூல்.

எவ்வளவு வேண்டும் என்பதை வண்டியிலேயே ஒட்டியிருப்பார்கள். 100 சிசி வண்டிகள் பலவற்றில் முன்னால் 25, பின்னால் 28 என்ற கணக்கு. பின்னால் ஆள் ஏறினால் இன்னும் கூட்ட வேண்டும். எண்ணை வைத்துப் பொத்தானை அமுக்கினால் மிக்ஸி ஓடுவதுபோல் ஒரு கடகடப்பு. 18, 19, 20... ஓரிரு நிமிடத்தில் 28-ல் தானே நின்றுவிடும். உடனே பித்தளை முனையை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது, சுட்டுவிடும். காற்றை அமுக்கினால் சூடேறும். சைக்கிள் பம்பால் வேகமாக அடித்து முடித்து அதன் அடிப்பகுதியைத் தொட்டவர்களுக்கு அந்தச் சூடு பழக்கம். கார் டயர் என்றால் பம்பு அதிக நேரம் ஓட வேண்டிவரும், அதனால் நடுவில் ஆறவிட்டு அடிப்பதே நல்லது.

விடியற்காலை என்பதற்கும் காரணம் உண்டு. டயருக்குள் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் 30 பிஎஸ்ஐ ஏறக்குறைய 31.5 ஆகிவிடும். சித்திரை வெயிலில் திருவாரூர் வரை ஓட்டிவந்து அளந்துவிட்டு, “கூட இருக்கே” என்று காற்றைப் பிடுங்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் தொய்ந்து நிற்கும்.

மகளின் பள்ளி சைக்கிளுக்கு வரும்போது கதை மாறுகிறது. அரசு தரும் விலையில்லா சைக்கிள்களில் பொதுவாக இருப்பது வால்டியூப் போட்ட பழைய வால்வு. 1888-ல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கிய கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப்பின் பெயரால் டன்லப் வால்வு என்றே அதைச் சொல்வார்கள். பம்பு முனை அதில் நேராகச் சேராது; இடையில் ஒரு சிறு அடாப்டர் வேண்டும். காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு அது, திரும்பி வர விடாது. ஆகவே பம்பை மாட்டியவுடன் டயருக்குள் எவ்வளவு இருக்கிறது என்று திரை சொல்லாது. அங்கே மறுபடியும் கட்டைவிரல்தான்.

ஆனாலும் அந்த சைக்கிளுக்காகவே இதை வாங்கலாம். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்தது. ஓட்டக் கற்ற பிறகும், காற்று இறங்கினால் கடை திறக்கும்வரை காத்திருக்கும் நிலை பல வீடுகளில் தொடர்ந்தது. காலை ஏழரை மணிக்குப் பேருந்து இல்லாத ஊரில் பதினோராம் வகுப்புப் பெண் தன் சைக்கிளுக்குத் தானே இரண்டு நிமிடத்தில் காற்றடித்துக் கிளம்புவது சின்னச் செய்தி அல்ல.

டிராக்டரிடம் இந்தப் பம்பு தோற்றுப்போகும். ஆள் மார்பு உயரத்துக்கு நிற்கும் பின் டயரில் அழுத்தம் குறைவு, கொள்ளளவு மிக அதிகம். அது நிரம்புவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். எடைக்காகத் தண்ணீர் நிரப்பிய டயர் என்றால் வால்வு மேலே வரும்படி சக்கரத்தைத் திருப்பிவிட்டுத்தான் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் பம்புக்குள் தண்ணீர் ஏறும்.

பஞ்சரையும் இது ஒட்டாது. வாய்க்கால் கரையில் சீமைக்கருவேல முள் ஏறியதும் பிடுங்கி எறியத்தான் கை போகும். பிடுங்கினால் இருக்கிற காற்றும் போய்விடும். முள் குத்தியபடியே இருக்கட்டும், காற்றை அடித்து, ஆள் ஏறாமல், மூட்டையை இறக்கிவிட்டு, மெதுவாகக் கடை வரைக்கும் போய்ச் சேரலாம். அதன்பின் வேலை கடைக்காரருடையது. டியூபை உருவி, பாதி வெட்டிய பிளாஸ்டிக் குடத்துத் தண்ணீரில் சாண் சாணாக முக்கிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக மேலே வரும்.

(தொடரும்)