கம்பியைத் தளர்த்தினால் கிதார் பாடும்!

ஹவாய் மாட்டுக்காரர்களின் வித்தை

மணிமங்கலத்தில் இருந்து ஒரகடத்துக்கு ஷிப்டு வேலைக்குப் போய் வருகிற வாலிபர், ஆசைப்பட்டு ஒரு கிதார் வாங்கினால் என்ன ஆகும்? முதல் வாரம் விரல் நுனி கொப்பளிக்கும். அடுத்த வாரம், "நமக்குச் சரிப்படாதுப்பா" என்று கிதார் பீரோ மேல் ஏறிவிடும்!

அதைக் கீழே இறக்க ஒரு வழி உண்டு. கம்பியைத் தளர்த்தவேண்டும்!

பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளில் இதற்கு "கீ ஹோஆலு" என்று பெயர்.

மாடு அடக்க வந்தவர்கள்

1793-ல் வான்கூவர் என்ற வெள்ளைக்காரக் கப்பல் தலைவர், ஹவாய் ராஜாவுக்கு மாடுகளைப் பரிசாகக் கொடுத்தார். அவை காட்டில் பெருகி, பயிரை மேய்ந்து அட்டகாசம் செய்தன. அடக்கத் தெரிந்த ஆள் அங்கே ஏது? 1830-களில் மெக்சிகோ மாட்டுக்காரர்களை வரவழைத்தார்கள். பகலில் மாடு, ராத்திரியில் கிதார். அவர்கள் ஊர் திரும்பியபோது சில கிதார்கள் அங்கேயே தங்கிவிட்டனவாம். ஹவாய்க்காரர்கள் தங்கள் பாட்டுக்கு ஏற்றபடி கம்பிகளை இறக்கிக் கட்டிக்கொண்டார்கள்.

எதை எவ்வளவு இறக்குவது என்பது குடும்ப ரகசியம். வெளியாள் வந்தால் முறுக்காணியைத் திருகிக் கலைத்துவிடுவார்களாம்! நம்மூர் நாட்டு வைத்தியர் கதைதான். ரகசியம் காத்தே கலை அழிய இருந்தது. 1940-களில் கேபி பஹினுயி இசைத்தட்டில் வாசித்தார். 1973-ல் கியோலா பீமர் பாடப் புத்தகமே போட்டுவிட்டார்.

இந்தக் கம்பி மேல் இரும்புத் துண்டைத் தேய்த்து வாசிப்பதுதான் நமக்குத் தெரிந்த "ஹவாயன் கிதார்". நம் கோட்டுவாத்தியத்தில் கட்டையைத் தேய்ப்பது போலத்தான். ஹவாயில் வளர்ந்த டௌ மோ, 1940-களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி இதை வாசித்தார். இந்த வழியில் வந்த வாத்தியத்தில்தான் விசுவமோகன் பட் 1994-ல் கிராமி பரிசு வாங்கினார்.

ப ச ப ச க ப

ரகசியங்களில் பிரபலமானதற்குப் பெயர் "சேப்பங்கிழங்கு வயல்"! தடித்த ஆறாவது கம்பி, ஐந்தாவது, மெல்லிய முதலாவது - இந்த மூன்றை மட்டும் இரண்டு மெட்டு அளவு இறக்கவேண்டும். ஆறாவதும் முதலாவதும் நாலாவது கம்பியோடு சேரவேண்டும்; ஐந்தாவது, மூன்றாவதோடு.

இப்போது தடித்த கம்பியில் இருந்து மீட்டினால் ப ச ப ச க ப! இடது கை சும்மா இருந்தாலே காது நிறையும். கட்டைவிரல் தடித்த கம்பிகளில் தாளம் போடட்டும். மற்ற விரல்கள் பாட்டைப் பார்த்துக்கொள்ளும்.

பழையபடி ஏற்றும்போது மட்டும் அவசரம் கூடாது. முதல் கம்பிதான் முதலில் அறும்!