தக்கைப்பூண்டும் நாற்பத்தைந்து நாளும்

காவிரிப் படுகையில், கோடை மழையின் ஈரத்தில் விதைத்து மாதம் ஒன்றான தக்கைப்பூண்டுச் செடியைப் பிடுங்கி, வேரிலுள்ள மண்ணை உதறிவிட்டுப் பார்த்தால், கடுகும் மிளகுமாகச் சிறு முடிச்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கக் காணலாம். அவற்றில் ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாயிருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைக் கிரகித்துச் செடிக்கு ஆகாரமாக்கித் தரும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள் அங்கே வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பதற்கு அந்தச் சிவப்பே அத்தாட்சி. ஏக்கருக்கு 20 கிலோ விதையை இறைத்து, 45 நாளில், பூவெடுக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிட்டால், அத்தனை சத்தும் மண்ணுக்கே சொந்தமாகிறது.

இவ்வளவு பிரயோஜனமுள்ள செடியை எல்லோரும் ஏன் விதைப்பதில்லை என்று கேட்பவர்கள், விவசாயியின் அறியாமையையே காரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குறுவை நெல்லை அறுத்த கையோடு அடுத்த போகமான தாளடிக்குச் சேறடிக்கிறவனுக்கு இடையில் 45 நாள் ஏது? தாளடியும் உளுந்தும் எடுத்தபின் சித்திரையில் நிலம் சும்மாதானே கிடக்கிறது என்றால், அப்போது வாய்க்காலில் நீர் இல்லை. ஆழ்குழாய்க் கிணறு உள்ளவருக்கோ, மழை துணைசெய்த வருஷத்திலோதான் அது சாத்தியம்.

தொழுவுரத்தின் சிரமம் வேறு விதமானது. நூறு பங்கு எருவில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், சுமார் அரைப் பங்கு. யூரியாவில் 46 பங்கு. ஆகவே 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் அடங்கிய தழைச்சத்தை எருவாகக் கொடுப்பதென்றால் ஏறக்குறைய 4 டன் வேண்டும். மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிவந்துவிடலாம். எருவுக்கோ வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, வயலில் கலைக்கும் கூலி என்று செலவு நீள்கிறது. அதற்கும் முன்னால் தொழுவத்தில் மாடு இருக்க வேண்டுமே! டிராக்டர் வந்தபின் உழவுமாடு போயிற்று; மாடு போனபின் எருக்குழியும் தூர்ந்தது. எரு மண்ணைப் பொலபொலப்பாக்கி, ஈரத்தைப் பிடித்துவைத்து, நுண்ணுயிர்களை வாழவைக்கிறது என்பது உண்மையே. ஆயினும் அந்த நன்மை அந்தப் போகத்து வரவுசெலவில் தெரிவதில்லை.

வைக்கோலையாவது வயலிலேயே உழுதுவிடலாமே என்றால், அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வைக்கோலில் நைட்ரஜன் ஒரு பங்கென்றால் கரிமம் எண்பது பங்கு அளவில் இருப்பதால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தங்கள் உடல் வளர்ச்சிக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ள, அவசரமாக நட்ட இளம்பயிர் பட்டினி கிடந்து மஞ்சளித்துப் போகிறது. நடவுக்குச் சில வாரம் முன்னதாகவே உழுது ஊறவிட வேண்டுமென்று அருகிலிருந்து சொல்வார் இல்லாதபோது, ஒருமுறை அந்த மஞ்சளைக் கண்டவர் மறுவருஷம் வைக்கோலைக் கட்டுக் கட்டி விற்றுவிடுவதில் என்ன வியப்பு?

இவை எல்லாவற்றிலும் என் மனத்தை வருத்துவது குத்தகை விவசாயியின் நிலைதான். மண்ணில் மட்கு சேர வருஷங்கள் பல வேண்டும். அவருடைய பிடிமானமோ, பெரும்பாலும் எழுத்தில்லாத, ஒரு வருஷத்து வாய்ச்சொல். 2024-இல் தமிழக அரசு மண்வளம் காக்கும் திட்டமொன்றை அறிவித்துப் தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உர விதைக்கு மானியம் தரத் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் நிலத்தின் சிட்டா வேறொருவர் பெயரில் இருக்க, உழுகிறவர் எதைக் காட்டி அதைக் கேட்பார்? ஐந்து வருஷத்துக்கேனும் எழுத்தில் குத்தகை கிடைக்குமானால், அவரே விதையைத் தேடிப் போவார் என்று நான் திடமாக நம்புகிறேன்.