படக்கதையில் ஓர் உறையூர்ப் பாணர்

பிள்ளைகளின் கையில் எவருடைய வாழ்க்கை வரலாற்றைக் கொடுக்கிறோம் என்பது சிறிய காரியமன்று. பாடப்புத்தகத்தில் படித்து மறந்த பெயர், படக்கதையில் ஒரு முகத்தோடு மனத்தில் பதிந்துவிடுகிறது.

இதனை நன்குணர்ந்தவர், 2011-ல் மறைந்த அனந்த் பை. 1967-ல் தில்லித் தொலைக்காட்சியில் நடந்த வினாடி வினா ஒன்றில், கிரேக்கப் புராணம் பற்றிய கேள்விக்கு விடை கூறிய மாணவர்கள், இராமனின் தாய் யாரென்று அறியாமல் திகைத்தனர். அதைக் கண்டு வருந்திய அவர் தொடங்கியதே 'அமர் சித்திரக் கதை' வரிசை. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அது சிறுவர்களைச் சென்றடைந்தது.

அவ்வரிசையில் திருப்பாணாழ்வாருக்கும் கனகதாசருக்கும் சேர்த்து ஒரு நூல் உண்டு. திருப்பாணாழ்வார் நம் உறையூர்க்காரர். பாணர் குலத்தில் வளர்ந்தமையால் திருவரங்கத்துள் கால் வைக்காது, காவிரியின் தென்கரையில் நின்றே யாழிசைத்துப் பாடினார் என்பது வைணவ மரபு. தண்ணீர் எடுக்க வந்த உலோகசாரங்கர் விலகச் சொன்னது, இசையில் ஆழ்ந்திருந்த அவர் செவியில் விழவில்லை. எறிந்த கல் பட்டுக் குருதி வழிந்தது. பின்னர் இறைவன் கட்டளைப்படி, கல்லெறிந்தவரே அவரைத் தம் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டு சென்றாராம்.

இத்தகைய நூலைப் பிள்ளை படிக்கையில் பெற்றோர் அருகிருத்தல் நலம். ஓவியர் வரைந்த முகமும் உடையும் அவருடைய கற்பனையே. ஆழ்வார் பாடிய 'அமலனாதிபிரான்' என்னும் 10 பாசுரங்கள் இன்றும் நம்மிடம் உள்ளன; வாழ்க்கை நிகழ்ச்சிகளோ மரபு வழி வந்தவை. இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளையின் பக்தி குறையாது, அறிவு வளரும். நம் புனிதர் வரலாறுகளுக்கும் இதுவே அளவுகோல்.

மற்றொன்றும் உண்டு. தோளில் சுமந்த காட்சியைக் காட்டி மகிழ்ந்து, கல்லெறிந்த காட்சியை விரைந்து கடந்துவிடலாகாது. "அவர் ஏன் அக்கரையிலேயே நின்றார்?" என்று பிள்ளை கேட்டால், மழுப்பாமல் மறுமொழி சொல்வோம். அவ்வாறு சொல்லுமுன், திருமணப் பேச்சிலும் கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்க்கும் வழக்கம் நம்மிடையே ஒழிந்துவிட்டதா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

அயலார் போற்றும் அருளாளரை அறிவதால் நம் விசுவாசம் குன்றாது. அடுத்த முறை காவிரிப் பாலத்தைக் கடக்கையில், தென்கரையைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுங்கள். எவரையும் கரையில் நிறுத்தி வைக்காத மனம் அவர்களுக்கு வாய்க்கட்டும்.