கோழியும் முட்டையும்: விலை நிலைக்க வழி என்ன?

கோழி முந்தியா, முட்டை முந்தியா என்ற பழைய கேள்விக்கு விடை தேடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இவ்விரண்டும் எந்த வழியாக நம் தட்டுக்கு வந்து சேருகின்றன, அவ்வழி அடைபட்டால் விலைக்கு என்ன நேரும் என்பதையே இங்குக் காண்போம்.

சிங்கப்பூரில் வாழும் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 36 கிலோ கோழி இறைச்சியும் 350-க்கும் மேற்பட்ட முட்டைகளும் உண்பதாக 2021-ஆம் ஆண்டையொட்டிய கணக்குகள் கூறுகின்றன. நம்மிடையே மாட்டிறைச்சியை ஒதுக்குவோர் உண்டு. பன்றி இறைச்சியை ஒதுக்குவோரும் உண்டு. இறைச்சி உண்ணும் எல்லா இனத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணக்கூடியது கோழியே. ஆதலால் அதன் விலை உயர்வு வசதி குறைந்த குடும்பங்களை முதலில் தாக்குகிறது.

அதிகாலையில் முடியும் பயணம்

பிடோக் நார்த் 216-ஆம் புளோக் சந்தை போன்ற ஓர் ஈரச்சந்தையில் காலையில் விற்கப்படும் ‘ஃபிரெஷ்’ கோழி எப்படி வருகிறது? பண்ணையில் பிடிக்கப்பட்ட கோழிகள் உயிருடன் லாரியில் ஏற்றப்பட்டு, ஜொகூரிலிருந்து எல்லையைக் கடந்து, இங்குள்ள உரிமம் பெற்ற அறுப்புக்கூடங்களை அடைகின்றன. அங்கே வெட்டிச் சுத்தம் செய்து, குளிரூட்டப்பட்டு, விடிவதற்குள் கடைக்கு வந்துவிடுகின்றன.

இந்த முறையில் கையிருப்பு என்பதே இல்லை. உயிருள்ள கோழியைக் கிடங்கில் அடுக்கி வைக்க இயலாது. ஒரு நாள் தாமதமானாலும் அதற்குத் தீனி போட வேண்டும். பிரேசிலிலிருந்து கப்பலில் வரும் உறைந்த கோழி அப்படியன்று. அது வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். ஆனால் மாதக்கணக்கில் இருப்பு வைக்கலாம். முட்டை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. குளிர்பதனத்தில் சில வாரங்கள் தாங்கும். ஓட்டுடன் உறைய வைக்க முடியாது.

2022-இல் நடந்தது

2022 மே மாதம் மலேசிய அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மாதத்துக்கு 3.6 மில்லியன் கோழிகள் வரையிலான ஏற்றுமதி ஜூன் 1 முதல் நிறுத்தப்படும் என்பதே அது. 2021-இல் சிங்கப்பூரின் கோழித் தேவையில் 34 விழுக்காட்டை மலேசியா நிறைவு செய்தது. அதில் பெரும்பகுதி உயிருடன் வந்தது. பிரேசிலின் பங்கு ஏறக்குறைய பாதி.

பாதிக்குமேல் வேறு நாடுகளிலிருந்து வந்தும் ஏன் தடுமாறினோம்? உயிருடன் வரும் கோழிக்கு மட்டும் ஒரே வாசல்தான் இருந்தது. அறுப்புக்கூடங்கள், ஈரச்சந்தைக் கடைகள், கோழிச் சோறு விற்கும் உணவங்காடிக் கடைகள் ஆகிய மூன்றும் அந்த வாசலை நம்பியே தொழில் நடத்தின. பேரங்காடியில் உறைந்த கோழி கிடைத்தது. சந்தைக் கோழி வியாபாரிகள் பலர் கடையை மூடினர். மொத்த அளவில் உணவு இருந்தாலும், விநியோக வழி ஒன்றாக இருந்தால் பற்றாக்குறை வரும் என்பதை அந்த ஜூன் மாதம் காட்டிற்று.

அக்கரையின் நியாயம்

ஜொகூரில் வளர்ந்து, இப்போது பிடோக்கில் தங்கிப் படிக்கும் எனக்கு இந்தத் தடையை ஒரு கரையிலிருந்து மட்டும் பார்க்க மனம் வரவில்லை. மலேசியாவில் கோழிக்கு உச்சவரம்பு விலை விதிக்கப்பட்டிருந்தது. 2022 பிப்ரவரியில் அது தீபகற்ப மலேசியாவில் கிலோவுக்கு 8 ரிங்கிட் 90 சென். அதே மாதம் உக்ரேன் போர் மூண்டது. சோளம், சோயா, கோதுமை ஆகியவற்றின் விலை ஏறியது. கோழி வளர்ப்புச் செலவில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு தீனிக்கே போகிறது. விற்கும் விலை கட்டப்பட்டு, வளர்க்கும் செலவு கட்டவிழ்ந்தால் பண்ணைக்காரர் என்ன செய்வார்? குஞ்சு எடுப்பதைக் குறைப்பார். உதவித்தொகை கொடுக்கப்பட்டாலும் அது செலவுக்கு ஈடாகவில்லை என்பதே பண்ணைக்காரர்களின் முறையீடாக இருந்தது. தம் மக்களுக்குக் கோழி கிடைக்க வேண்டும் என்று ஓர் அரசு நினைத்ததைக் குறைகூற முடியாது. ஆனால் வாங்குவோரைக் காக்கப் போட்ட வேலி, வளர்ப்போரின் கையையும் கட்டிவிட்டது.

முட்டையிலும் இதே கதைதான். 2022 இறுதியில் மலேசியக் கடைகளில் முட்டைத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது எங்கிருந்து முட்டை வந்தது தெரியுமா? தமிழ்நாட்டு நாமக்கல்லிலிருந்து! கடல் கடந்து முட்டை அனுப்பிப் பழகிய ஊர் ஒன்று இருந்ததால் அந்த இடைவெளியைக் கொஞ்சம் அடைக்க முடிந்தது. பிறகு மலேசியா, 2023 நவம்பரில் கோழிக்கும் 2025 ஆகஸ்ட்டில் முட்டைக்கும் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது.

சிங்கப்பூர் கற்ற பாடம்

சிங்கப்பூரில் கோழிக்கு உச்சவரம்பு விலை இல்லை. இங்கு விலையைக் கட்டுக்குள் வைக்க வேறு வழி நாடப்பட்டது. 1973-இல் பொருள்விலை கடுமையாக ஏறிய காலத்தில், தொழிற்சங்கங்கள் தோ பாயோவில் ஒரு கூட்டுறவுக் கடையைத் திறந்தன. இன்றைய ஃபேர்பிரைஸின் தொடக்கம் அதுவே. நியாய விலையில் விற்கும் ஒரு பெரிய கடை இருந்தால், மற்ற கடைகளும் அளவுக்கு மீறி விலை ஏற்றத் தயங்கும். ஆனால் சரக்கே வராதபோது எந்தக் கூட்டுறவும் விலையைப் பிடித்து நிறுத்த முடியாது. எனவே வழிகளைப் பெருக்குவதே அடுத்த வேலையாயிற்று.

2022 ஜூன் 30 அன்று இந்தோனேசியா கோழி இறைச்சி அனுப்ப அனுமதி பெற்றது. 2023-இல் அந்நாட்டின் புலாவ் புலான் தீவிலிருந்து உயிருள்ள கோழிகளும் வரத் தொடங்கின. அதன் பயன், உயிர்க்கோழிக்கு இரண்டாவது வாசல் திறந்தது. மலேசியாவோ கம்பத்துக் கோழிக்கு 2022 ஜூன் மாதத்திலேயும், பிராய்லர் கோழிக்கு அக்டோபரிலும் தடையை நீக்கியது.

முட்டைக்கு உள்ளூர்ப் பண்ணைகள் பெருந்துணை. விரல்விட்டு எண்ணக்கூடிய சில பண்ணைகளே நம் முட்டைத் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தருகின்றன. 2035-க்குள் புரதத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட இலக்கிலும் முட்டைக்கு முக்கிய இடமுண்டு. எனினும் அப்பண்ணைகளின் தீனி வெளிநாட்டிலிருந்தே வருகிறது என்பதை மறக்கலாகாது. உள்ளூர் முட்டை எல்லைத் தடையிலிருந்து நம்மைக் காக்கும். உலகத் தானிய விலையிலிருந்து காக்காது.

மூன்றாவது, கையிருப்பு. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், இன்றியமையா உணவுப் பொருள்களை இறக்குமதி செய்வோர் குறைந்த அளவு இருப்பு வைத்திருக்குமாறு கோர வழிவகுக்கிறது. ரொட்டிக் கடைகளும் விடுதிகளும் ஓட்டு முட்டைக்குப் பதிலாகப் பதப்படுத்திய திரவ முட்டையைப் பயன்படுத்தினால், தட்டுப்பாட்டுக் காலத்தில் ஓட்டு முட்டை வீடுகளுக்கு மிஞ்சும்.

விலை கொடுக்க வேண்டியது யார்?

இவை எவையும் இலவசமல்ல. தொலைவிலிருந்து வரும் முட்டைக்குக் கப்பல் கூலி உண்டு. கிடங்குக்கு மின்சாரச் செலவு உண்டு. எல்லை அடைபடாத நாட்களில் இது வீண் செலவாகவே தோன்றும். மழை இல்லாத மாதத்தில் குடை வாங்கியவனைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் அச்செலவை ஏழைக் குடும்பத்தின் தட்டில் ஏற்றாமல், இறக்குமதியாளரும் அரசும் வசதியுள்ளோரும் பகிர்ந்துகொள்ளும் முறை வேண்டும் என்பது என் கருத்து.

படித்த இளையர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. உறைந்த கோழியில் கறி வைத்தால் சுவை இருக்காது என்று வீட்டில் சொல்லப்படும்போது, ஒரு முறை சமைத்துக் காட்டலாம். நம் நாக்கு ஒரே வகைக் கோழியையே கேட்டால், வியாபாரியும் ஒரே வாசலையே நம்பியிருப்பார். பண்ணைக்காரருக்குக் கட்டுப்படியாகும் விலையும், சரக்கு வருவதற்குப் பல வழிகளும், ஒரு மாதத்துக்கேனும் தாங்கும் இருப்பும் சேர்ந்தால்தான் கோழி விலையும் முட்டை விலையும் நிலைக்கும்.