மல்லாட்டைக் கொல்லைக்கு மாடு திரும்ப வேண்டும்

நவீன வேளாண்மை என்றால் வீரிய விதை, சொட்டுநீர், அறுவடை இயந்திரம், கலப்பினப் பசு என்று நான்கைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். மயிலம் வட்டாரத்துக்கு இவற்றில் எதுவுமே புதிதில்லை. பக்கத்துத் திண்டிவனத்தில் இருக்கும் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940-லேயே டிஎம்வி 2 என்ற மல்லாட்டை (நிலக்கடலை) ரகம் வெளிவந்து, தமிழ்நாட்டைத் தாண்டியும் பல பத்தாண்டுகள் பயிரானது. சினை ஊசி ஊருக்கு ஊர் வந்துவிட்டது. பவர் டில்லர் கரும்புக்கொல்லைக்குள்ளும் போகிறது. விதையும் கருவியும் வந்து சேர்ந்த அதே காலத்தில் பயிரும் மாடும் தனித்தனித் தொழில்களாகப் பிரிந்துபோயின. மாட்டுக்குத் தீவனம் மூட்டையில் வருகிறது, நிலத்துக்கு உரமும் மூட்டையில்தான் வருகிறது. இரண்டு மூட்டைக்கும் பணம் ஒரே வீட்டிலிருந்து போகிறது. விளைச்சல் ஏறியும் கையில் மிஞ்சுவது ஏறாததற்குக் காரணம் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

மல்லாட்டையைப் போல இந்தப் பிரிவின் நட்டத்தைத் தெளிவாகக் காட்டும் பயிர் வேறில்லை. கொட்டை செக்குக்குப் போகிறது. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் புரதம். கொடி மாட்டுக்குப் போகிறது; வைக்கோலில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் புரதம் அதில் உண்டு. வேர்முடிச்சில் இருக்கும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. பத்து லிட்டர் கறக்கும் பசுவுக்கு நாளொன்றுக்கு ஐந்து கிலோவுக்குக் குறையாமல் அடர்தீவனம் தேவை. நல்ல கொடியும் பசும்புல்லும் கொல்லையிலேயே இருந்தால் அந்தச் செலவில் ஒரு பங்கு குறையும். ஆனால் கொடி நல்லதாக இருக்க வேண்டும். இலைப்புள்ளி நோயில் இலை எல்லாம் உதிர்ந்தபின் பிடுங்கினால் மாட்டுக்கு மிஞ்சுவது வெறும் தண்டு. பயிருக்குச் செய்யும் நோய்த்தடுப்பு மாட்டுத் தீவனத்துக்கான முதலீடும்கூட. அதே நேரம், மருந்தடித்த கொடியைக் காத்திருப்பு நாள் முடியும் முன் மாட்டுக்குப் போட்டால் மருந்து பாலுக்கு வரும். ஈரத்தோடு மூட்டை கட்டிய காய் பூஞ்சை பிடித்தாலும் இதே கதைதான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோது, அவை தின்ற பிரேசில் கடலைப் புண்ணாக்கில் இருந்துதான் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. களத்தில் காயைச் சரியாக உலர்த்துவது பால் தரத்தின் முதல் படி என்பதைப் பால் வாங்குகிற நகரவாசிகளும் தெரிந்துகொள்வது நல்லது.

பயிர் மாட்டுக்கும் மாடு நிலத்துக்கும் கொடுக்கும் இந்தச் சுற்று இன்று எங்கே அறுந்திருக்கிறது? என் கணிப்பில், குப்பைமேட்டில். நிலத்துக்குக் குப்பை (தொழு உரம்) அடிப்பது குறைந்துபோனதுதான் இந்த வட்டாரத்து விவசாயத்தின் பெரிய ஆபத்து. விலைச் சரிவைவிட, ஆள் தட்டுப்பாட்டைவிடப் பெரியது. கணக்குப் போட்டால் எதிர்வாதம் வலுவாகத்தான் நிற்கிறது. வேளாண் பரிந்துரை ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம், அதாவது ஏக்கருக்கு ஐந்து டன். நூற்றுக்கு அரைப்பங்கு தழைச்சத்து என்று வைத்தாலும் ஐந்து டன்னில் கிடைப்பது 25 கிலோதான். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலேயே ஏறக்குறைய 21 கிலோ இருக்கிறது. மானிய விலை முந்நூறு ரூபாய்கூட இல்லை. டிராக்டர் வாடகை, ஏற்றி இறக்கும் கூலி, இறைக்கும் கூலி எல்லாம் சேர்த்தால் எந்த விவசாயி குப்பையை நினைப்பார்? மாட்டுக் கணக்கும் சாதகமாக இல்லை. நாளுக்கு 15 கிலோ சாணம் போடும் பசுவிடம் ஆண்டுக்கு ஐந்தரை டன் சேரும். மக்கி முடிந்தால் பாதிதான். ஒரு ஏக்கருக்கு இரண்டு மாடு வேண்டும். இயற்கை வேளாண்மை மட்டுமே போதும் என்பவர்கள் இந்தக் கணக்கைத் தாண்டிப் போவதில்லை.

ஆனால் குப்பையைத் தழைச்சத்தின் விலையால் அளப்பதில்தான் தவறு இருக்கிறது. யூரியா தருவது தழைச்சத்து ஒன்றே. குப்பை மணிச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம் போன்ற நுண்சத்துகளோடு, மண்ணைப் பொருபொருவென்று வைத்திருக்கும் கரிமத்தையும் தருகிறது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமை வைத்து நடக்கும் சோதனையில், ஆண்டுதோறும் தொழு உரம் இட்ட பாத்தியின் கரிமம் ரசாயன உரம் மட்டும் இட்ட பாத்தியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. விளைச்சலில் இரண்டும் பல ஆண்டுகள் சமமாக வந்தன. நன்றாக விளைவது தொழு உரத்தோடு தழைச்சத்து உரமும் சேர்த்து இட்ட பாத்தி. நம் கோயம்புத்தூரிலும் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை நூறாண்டு கடந்துவிட்டது. மூட்டை உரத்தை விட்டுவிடச் சொல்லி இந்தச் சோதனைகள் பேசவில்லை. மூட்டை உரம் முழுப் பலன் தர மண்ணில் கரிமம் வேண்டும் என்கின்றன.

மயிலத்துக்கு இது ஏன் அவசரம் என்றால், இங்கே தண்ணீர் வருகிற விதம் அப்படி. வீடூர் அணையின் பாசனம் 3,200 ஏக்கர்தான். அதிலும் 1,000 ஏக்கர் புதுச்சேரியில் இருக்கிறது. மற்ற நிலமெல்லாம் ஏரியையும் கிணற்றையும் வானத்தையும் நம்பியவை. பெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் பெய்த மழை ஏறக்குறைய அரை மீட்டர். அந்த மழையை எந்த மண்ணாலும் குடித்திருக்க முடியாது. குப்பை போட்டிருந்தால் வெள்ளம் வந்திருக்காது என்று சொல்வது ஏமாற்று. ஆனால் ஐந்து சென்டிமீட்டர் மழையும், அதற்குப் பின் மூன்று வாரக் காய்ச்சலும் இங்கே ஆண்டுதோறும் வருபவை. ஆடியில் விதைத்த மானாவாரி மல்லாட்டை விழுது இறக்கும் நேரத்தில் மேல்மண் இறுகிக் கிடந்தால் விழுது மண்ணுக்குள் போகாது. நாற்பதாம் நாள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள். அதன் சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேரவும் ஈரம் தேவை. கரிமம் உள்ள செம்மண் அந்த ஈரத்தைச் சில நாள் கூடுதலாகப் பிடித்து வைக்கும். மானாவாரியில் விளைச்சலைத் தீர்மானிப்பது அந்தச் சில நாள்தான்.

மல்லாட்டையை விட்டுச் சவுக்குக்கு மாறியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆள் கிடைக்காத இடத்தில் நட்டுவிட்டு மூன்று நான்கு வருடம் காத்திருப்பது நியாயமான முடிவு. ஆனால் சவுக்குத்தோப்பில் மாட்டுக்குக் கொடியும் இல்லை, புல்லும் இல்லை. கொல்லை சவுக்காகும்போது கொட்டகையும் காலியாகிறது.

எல்லா ஏக்கருக்கும் குப்பை கிடைக்காது என்பதால் யாருக்கும் வேண்டாம் என்றாகிவிடாது. இருக்கிற குப்பையை ஆண்டுக்கு ஒரு பங்கு நிலத்துக்கு என்று சுற்றி இடலாம். அதைவிட முக்கியம், இருக்கிற சத்தை இழக்காமல் இருப்பது. மாடு கழிக்கும் தழைச்சத்தில் பாதியளவு மூத்திரத்தில் போகிறது. சிமெண்டுத் தரை போட்ட கொட்டகைகளில் அது நேராகத் தெருச் சாக்கடைக்குப் போகிறது. சாணமோ திறந்த மேட்டில் வெயிலில் காய்ந்து, மழையில் கரைகிறது. கொட்டகைக் கடன் தரும் திட்டங்கள் தரைக்கும் கூரைக்கும் கணக்குப் போடுவதைப் போல எருக்குழிக்கும் அதன் மேல் ஒரு கீற்றுப் பந்தலுக்கும் கணக்குப் போட வேண்டும். அது வரும்வரை, மாட்டின் பின்காலடியில் மல்லாட்டைத் தோலையும் மாடு கழித்த தட்டையையும் பரப்பி மூத்திரத்தை ஊறவிட்டு, காலையில் வாரிக் குழியில் போட்டு மண் மூடுவதற்குக் கடனோ மானியமோ தேவையில்லை.