கொல்லையில் பூத்த நித்தியகல்யாணி

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடியை ஒட்டி நித்தியகல்யாணிச் செடிகள் நிற்கின்றன. யாரும் நட்டு வளர்த்தவை அல்ல. தாமாகவே முளைத்து, ஆண்டு முழுவதும் வெள்ளையும் ஊதாவுமாகப் பூப்பவை. என் மனைவி விடியற்காலையில் அவற்றைக் கொய்து பூஜைக்கு வைப்பது நாற்பது ஆண்டு வழக்கம். 'சுடுகாட்டு மல்லி' என்று பெயர் சொல்லி, அது பூஜைக்கு ஆகாது என்பாரும் உண்டு. அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

2014 ஐப்பசியில், அன்னாபிஷேகத்திற்கு முதல்நாள் இரவு சென்னையிலிருந்து மகன் தொலைபேசியில் அழைத்தான். நான்கு வயதுப் பேரனுக்கு மூன்று வாரமாகவே காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. கால் வலிக்கிறது என்று இரவில் அழுவான். முழங்காலுக்குக் கீழே அடிபட்டதுபோல் நீலத் திட்டுகள். அருகிலிருந்த மருத்துவர் ஒருவர், "வளர்கிற பிள்ளைக்குக் கால் வலிப்பது இயல்புதான்" என்று கூறிக் காய்ச்சல் மருந்தே கொடுத்துவந்தார். முகம் வெளுத்துப்போனதைப் பார்த்து, இரத்தத்தைச் சோதிக்கவேண்டும் என்று வற்புறுத்தியவள் மருமகள்தான். அந்த அறிக்கையை மகன் படிக்கத் தொடங்கினான். பாதியிலேயே அவன் குரல் நின்றுவிட்டது.

இரத்தப் புற்றுநோய். எலும்பு மச்சையில் முதிராத வெள்ளணுக்கள் பெருகி, மற்ற அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும் வகை. இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கே இது மிகுதியாக வருகிறதாம்.

சிகிச்சை இரண்டரை ஆண்டு நீடிக்கும் என்றார் மருத்துவர் அம்மையார். முதல் மாதம் கடுமையானது. அதன்பின் சில மாதங்கள் விட்டுவிட்டு ஊசிகள். பிறகு நாள்தோறும் மாத்திரை. 34 ஆண்டு வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பார்த்தவன் நான். பழக்கதோஷம், "உத்தரவாதம் உண்டா, டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். "உத்தரவாதம் தரமுடியாது, ஐயா. ஆனால் இது குணமாகக்கூடிய நோய். முழுச் சிகிச்சையும் பெறவேண்டும், நடுவில் நிறுத்தக்கூடாது" என்றார். அன்று முதல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, தேதி, ஹீமோகுளோபின், வெள்ளணு, தட்டணு என்று எழுதிவந்தேன். எழுதிக்கொண்டிருக்கும் வரையில் கை நடுங்குவதில்லை.

வாரம் ஒருமுறை நரம்பில் ஒரு மருந்து ஏற்றினார்கள். பெயர் வின்கிரிஸ்டின். அது எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று மருத்துவர் சொன்னபோது என் மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மடகாஸ்கர் தீவைப் பூர்வீகமாகக் கொண்ட நித்தியகல்யாணியின் இலையிலிருந்து வருவது அது. 1960-களிலிருந்து உலகெங்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. அவள் அன்று மாலை வரை யாரிடமும் பேசவில்லை.

செய்தி உறவினர்களுக்குத் தெரிந்ததும், "அந்தச் செடிதான் கொல்லையில் இருக்கிறதே, கஷாயம் வைத்துக் கொடுத்தால் என்ன?" என்று ஒருவர் தொடங்கினார். நானும் ஒரு நிமிடம் மயங்கினேன் என்பதை மறைப்பானேன்? மருத்துவர் பொறுமையாக விளக்கினார். டன் கணக்கில் உலர்ந்த இலையைப் பக்குவம் செய்தால் சில கிராம் மருந்துதான் கிடைக்கும். குழந்தைக்குத் தருவதோ மில்லிகிராம் அளவு. அதையும் நரம்பில் மட்டுமே செலுத்தவேண்டும். நரம்புக்கு வெளியே சிறிது கசிந்தாலும் சதை வெந்துவிடும். இலையை வேகவைத்துக் கொடுத்தால் அதிலுள்ள மற்ற நஞ்சுகளும் சேர்ந்து உள்ளே போகும். இதைப் படிப்பவர்களின் வீட்டிலும் யாரேனும் அந்த யோசனையைச் சொல்லக்கூடும் என்பதால் விரிவாகவே எழுதினேன்.

காத்திருக்கும் நேரத்தில் படித்துத் தெரிந்துகொண்டவை பல. இந்நோய்க்கான முதல் மருந்துகளுக்கு வழிவகுத்தவர்களுள் ஒருவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ். இளமையில் ராமகிருஷ்ண மடத்தில் துறவியாக விரும்பியவர் அவர். அவருடைய குழுவினர் அமெரிக்காவில் உருவாக்கிய மருந்தைக் கொண்டுதான் 1940-களின் இறுதியில், பாஸ்டன் நகரில், இந்நோயுற்ற குழந்தைகள் சிறிது காலமேனும் எழுந்து விளையாடினார்கள். அதற்கு முன் சில வாரங்களோ சில மாதங்களோதான். சென்னை அடையாறில் 1954-இல் புற்றுநோய் மருத்துவமனை எழக் காரணமான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த அம்மாள் பிறந்த புதுக்கோட்டையில் நான் ஆறு ஆண்டு பணிபுரிந்தும் இது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

வீட்டில் நடந்தவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஸ்டீராய்டு மாத்திரையால் குழந்தைக்கு அடங்காப் பசி. இரவு இரண்டு மணிக்குத் தயிர்சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் கேட்பான். மருமகள் முகம் கோணாமல் எழுந்து சமைப்பாள். கன்னம் உப்பி, கண் இடுங்கி, அவன் முகமே மாறிப்போயிற்று. மூன்றாம் வாரத்தில் தலையணையெல்லாம் முடி. அதைக் கையில் அள்ளிவந்து, "பாட்டி, ஒட்டிவிடு" என்றான்.

பார்க்க வந்த மூதாட்டி ஒருவர், "குலதெய்வத்துக்கு ஏதாவது குறை வைத்தீர்களா? எந்த ஜன்மத்துப் பாவமோ!" என்றார். நல்ல மனத்தோடு சொன்னதுதான். உள்ளே இருந்த மருமகள் வெளியே வந்து, "பாட்டி, இவன் இன்னும் ஒன்றாம் வகுப்புக்கூடப் போகவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள். எத்தனையோ பேரேடுகளைத் தணிக்கை செய்திருக்கிறேன். அந்தப் பெரியவர் குறிப்பிட்ட கணக்கைப் படிக்கும் தகுதி எனக்கோ அவருக்கோ உண்டென்று நான் நினைக்கவில்லை. நோயுற்ற குழந்தை இருக்கும் வீட்டுக்குச் செல்லும் நம் வயதினர் அந்தக் கேள்வியை வாசலிலேயே விட்டுவிட்டுச் செல்லவேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி என் குற்றம்.

வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் கூட்டத்துக்கு அழைத்துச் செல்லக்கூடாது, கொதிக்கவைத்த நீரே தரவேண்டும், வெளியிலிருந்து வரும் எதையும் வாயில் போடக்கூடாது, அறையில் பூ வைக்கக்கூடாது என்று விதிகள் இருந்தன. பிரசாதமும் அதில் அடக்கம். எங்கள் பூஜையறையில், என் தகப்பனார் காசியிலிருந்து கொண்டுவந்த கங்கைச் செம்பு ஒன்று மூடி உடைக்காமல் இருந்தது. அதைச் சென்னைக்கு எடுத்துச் சென்றிருந்தேன். தை மாதத்தில் ஒருநாள், குழந்தை சுருண்டு படுத்திருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், மருமகள் குளிக்கச் சென்ற நேரத்தில் மூடியைத் திறந்து ஒரு உத்தரணி அவன் வாயில் விட்டேன். அவனும் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தான்.

மறுநாள் இரவு காய்ச்சல். 100.4 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் உடனே வரவேண்டும் என்பது உத்தரவு. ஆட்டோவில் ஏறும்போது 102. வெள்ளணுக்களில் கிருமியை எதிர்க்கும் வகை 500-க்குக் கீழே போனாலே ஆபத்து என்பார்கள்; அன்று 160 என்று என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. இரத்த அழுத்தம் இறங்கி, இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். அந்த இரண்டு நாளும் நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். மகனும் மருமகளும் அருகில் இருந்தார்கள்.

அவர் சினக்கவில்லை. "அதனால்தான் வந்தது என்று சொல்லமுடியாது, ஐயா. அவன் குடலிலேயே இருக்கும் கிருமியாலும் இப்படி வரும். ஆனால் இனி எனக்குத் தெரியாமல் எதுவும் கொடுக்காதீர்கள். விபூதியை நெற்றியில் இடுங்கள், வாயில் போடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பதிகம் பாடுங்கள், அதற்கு நான் தடை சொன்னதே இல்லையே" என்றார். மருமகள் பதினொரு நாள் என்னுடன் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், குழந்தை வீடு திரும்பியபின், காப்பி டம்ளரைக் கொண்டுவந்து வைத்து, "அப்பா, ஆறுவதற்குள் குடியுங்கள்" என்றாள். செம்பில் மிச்சமிருந்த கங்கையைத் துளசி மாடத்தில் சேர்த்தேன்.

முதல் மாத முடிவிலேயே மச்சையில் நோயணு தென்படவில்லை என்ற அறிக்கை வந்திருந்தது. குழந்தை தெளிந்து ஓடத் தொடங்கியதும், "இன்னும் எதற்கு இந்த விஷமெல்லாம்?" என்ற குரல்கள் எழுந்தன. அடுத்த கட்டிலில் இருந்த சிறுமியின் பெற்றோர், பணமும் இல்லாமல், பிள்ளையும் நன்றாக இருக்கவே, ஊருக்குப் போய்விட்டார்கள். ஆறு மாதம் கழித்து அவளை மீண்டும் தூக்கி வந்தார்கள். பிறகு அந்தக் கட்டிலில் வேறொரு குழந்தை இருந்தது. எங்கள் வீட்டில் நிறுத்தும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் வீட்டில் இடுப்பளவு நீர் புகுந்தபோது, மகன் முதலில் எடுத்தது மாத்திரைகள் வைத்திருந்த எவர்சில்வர் டப்பாவைத்தான்.

2017 சித்திரையில் சிகிச்சை முடிந்தது. ஆவணியில் வைத்தீசுவரன்கோவிலுக்குப் புறப்பட்டோம். பேரனுக்கு முடியிறக்குவதாகத் தையல்நாயகியிடம் என் மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். சித்தாமிர்த தீர்த்தக் கரையில் வெல்லம் கரைத்துவிட்டு, நாவிதர் முன் உட்காரச் சொன்னதும் அவன் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டான். "மறுபடியும் ஊசி போடப்போறாங்களா, தாத்தா?" என்றான். எத்தனை சொல்லியும் கை இறங்கவில்லை.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சட்டையைக் கழற்றிவிட்டு அவன் இடத்தில் உட்கார்ந்தேன். வேண்டுதலை இப்படி மாற்றலாமா என்று சாத்திரம் அறிந்தவர்கள்தாம் சொல்லவேண்டும். குருக்களிடம் கேட்டபோது, "அவன் முடி முன்னாடியே வந்து சேர்ந்தாச்சு" என்றார்.

நீராடி எழுந்ததும் பேரன் என் தலையைத் தடவிப் பார்த்தான். பிறகு தன் பையைத் துழாவி, மருத்துவமனை நாட்களில் போட்டுக்கொண்டிருந்த நீலக் குல்லாயை எடுத்து, "வெயில்ல போகாதே தாத்தா, இதைப் போட்டுக்கோ" என்று நீட்டினான். அது என் தலையில் பாதிக்குத்தான் வந்தது. அப்படியே சன்னிதி வாசல் வரை சென்றேன்.