மெல்லத் தேய்ந்ததா, ஒரே பாய்ச்சலில் பெயர்ந்ததா?

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். நிலத்தின் முகத்தை மாற்றும் ஆற்றல்களில் பெரும்பாலானவை அந்த எறும்பைப் போன்றவையே. ஒரு மலை ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உயர்வதாகக் கொள்வோம். உங்கள் வாழ்நாளில் அது ஒரு சாண் கூட உயராது. ஆனால் பத்து இலட்சம் ஆண்டுகளில் ஒரு கிலோமீட்டர் உயர்ந்துவிடும்! மழையும் காற்றும் ஆறும் மலையைத் தேய்ப்பதும் இப்படித்தான். ஜேம்ஸ் ஹட்டன் 18-ஆம் நூற்றாண்டில் கூறிய இக்கருத்தைச் சார்லஸ் லயல் 1830-33 ஆண்டுகளில் வெளியிட்ட தம் நூலால் நிலைநாட்டினார்.

அப்படியானால் திடீர் மாற்றங்களுக்கு இடமே இல்லையா?

வட அமெரிக்காவின் மேற்கில் உள்ள வாஷிங்டன் மாநிலத்துக்குச் செல்வோம். அதன் கிழக்குப் பகுதியில், ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன் பாய்ந்த எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக இறுகிப் பசால்ட் பாறையாகியிருக்கிறது. அதன்மேல் காற்று கொணர்ந்த புழுதி சிறிது சிறிதாகப் படிந்து வளமான மண்ணாயிற்று. ஆனால் சில இடங்களில் இந்த மண் அடியோடு வழித்தெடுக்கப்பட்டு, பாறை மட்டும் கிடக்கிறது. ஆழமான பள்ளத்தாக்குகள் உள்ளன. அவற்றில் ஆறு இல்லை. 120 மீட்டர் உயரமும் 5 கிலோமீட்டருக்கு மேல் அகலமும் கொண்ட அருவிப் பாறை ஒன்று நிற்கிறது. அதில் நீர் இல்லை! நயாகராவின் உயரம் சுமார் 50 மீட்டர்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவை பெருவெள்ளம் ஒன்றின் சுவடுகள் என்று 1923-இல் கூறினார் ஹார்லன் பிரெட்ஸ். முன்பு பள்ளி ஆசிரியராக இருந்து, பின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நிலவியல் கற்பித்தவர் அவர். 1927-இல் வாஷிங்டன் நகரில் கூடிய அறிஞர்கள் அவர் கருத்தை ஏற்கவில்லை. ‘மெல்ல மெல்ல’ என்ற விதிக்கு இது முரணானதாகத் தோன்றியது. மேலும், அவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது?

விடை கிழக்கே மான்டானாவில் இருந்தது. பனியூழிக் காலத்தில் கனடாவிலிருந்து இறங்கிய பனியாறு ஓர் ஆற்றை மறித்து அணையாக நின்றது. பின்னால் மிசூலா என்னும் ஏரி பெருகியது. அணையருகே அதன் ஆழம் சுமார் 600 மீட்டர்! பனிக்கட்டி நீரைவிட இலேசானது அல்லவா? அணையின் உயரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்குக்கு நீர் ஏறியதும், பனிக்கட்டி மிதக்க முற்படும். அடியில் புகுந்த நீர் வழியைப் பெரிதாக்கியிருக்க வேண்டும், அணை உடைந்தது. சில நாட்களில் ஏரி வற்றியது. உச்ச வேகத்தில் நொடிக்கு ஒரு கோடி கன மீட்டருக்கு மேல் நீர் பாய்ந்தது எனக் கணக்கிடுகிறார்கள். அமேசான் ஆற்றின் சராசரி ஓட்டம் நொடிக்குச் சுமார் இரண்டு இலட்சம் கன மீட்டர்தான்.

சான்று என்ன? ஆற்று மணலில் விரலளவு அலைவரிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஏரியின் தரையில் 10 மீட்டர் வரை உயர்ந்த அலைவரிகள் இருப்பதை ஜோசப் பார்டி 1940-இல் எடுத்துரைத்தார். பாய்ந்தோடும் பெருநீரன்றி வேறெது அவற்றை உண்டாக்க முடியும்? பிரெட்ஸுக்கு அமெரிக்க நிலவியல் கழகம் தன் உயரிய விருதான பென்ரோஸ் பதக்கத்தை 1979-இல் அளித்தபோது, அவர் தொண்ணூறு வயதைக் கடந்திருந்தார்.

வெள்ளம் ஒருமுறை மட்டும் வரவில்லை. பனியாறு மீண்டும் மீண்டும் வழியை மறித்தது, ஏரி பல ஆண்டுகள் நிரம்பியது, அணை உடைந்தது. சுமார் 18,000 முதல் 15,000 ஆண்டுகளுக்கு முன் இது பற்பல முறை நிகழ்ந்ததை வண்டல் அடுக்குகள் காட்டுகின்றன.

ஆகவே, மெதுவும் திடீரும் பகையல்ல. பனியாறு மெல்ல நகர்ந்தது, ஏரி மெல்ல நிரம்பியது, அணை திடீரென உடைந்தது. ஆண்டாண்டாகச் சேர்ந்ததே சில நாட்களில் பாய்ந்தது. இரண்டையும் இயக்கியவை இன்றும் உங்கள் வகுப்பறையில் படிக்கும் அதே இயற்பியல் விதிகளே. இனி ஒரு பள்ளத்தாக்கைக் காணும்போது, ‘எவ்வளவு காலம்?’ என்று மட்டுமன்றி, ‘எவ்வளவு வேகம்?’ என்றும் கேளுங்கள். விடை பாறையிலேயே எழுதப்பட்டிருக்கும்.